பாவுக்கு அந்தப் பக்கம்

பேத்தி நீட்டிய கைப்பேசியில் சத்தம் இல்லை. பெரணமல்லூரிலிருந்து ஆரணிக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தோம். மடங்காத என் இடது கால் வழக்கம்போல நடைவழியில் நீண்டு கிடந்தது. நடத்துநரும் வழக்கம்போல ஒவ்வொரு முறை அதைத் தாண்டும்போதும் முணுமுணுத்தார். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்ததால் பேத்தி ஒலியை அடக்கி வைத்திருந்தாள். சின்னத் திரையில் ஒரு தெரு. சேலை நெய்வதற்காகத் தெரு நீளத்துக்கு இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டிய அரக்குச் சிவப்புப் பாவு. சந்திலிருந்து ஒருவன் பாய்ந்து வருகிறான். பாவுக்கு ஓரடி முன்னால் தலையைக் கவிழ்த்து, ஒரு காலை மடக்கி, மண்ணில் சறுக்கி, அந்த இழைகளுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய்விடுகிறான். அவனைத் துரத்தி வந்த தடியன் பாவின் மேல் விழுந்து உருளுகிறான். "தாத்தா, இந்தப் படத்த மறுபடியும் தியேட்டர்ல போட்டுக்கினு இருக்காங்க. எல்லாரும் இந்த ஸ்டைலத்தான் ரீல்ஸ் போடறாங்க" என்றாள். அந்தத் தடியன் நான்தான் என்று அவளுக்குத் தெரியும். சறுக்கிப் போனவன் யார் என்று தெரியாது. முகம் தெரியாததால் யாருக்குமே தெரியாது. ஹீரோ என்றுதான் இத்தனை காலமாக உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது.

அவன் என் மச்சான். சொந்தத்தில் அல்ல, தொழிலில். நான் பெரணமல்லூர்ப் பக்கம் ஏர் ஓட்டுகிற குடும்பம். அவன் ஆரணியில் தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளை. சென்னையில் சினிமாச் சண்டைகளில் அடி வாங்கும் கூட்டத்தில் நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபோது, ஊருக்குத் திரும்ப இரண்டு பேருக்கும் ஒரே பேருந்து என்பதே பெரிய உறவாகத் தெரிந்தது. அவனுக்குக் கல்யாணமாகி அவன் மனைவி என்னை 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்ததும் மச்சான் முறை மறுக்க முடியாதபடி உறுதியாகிவிட்டது. கடவுள் அவனுக்குக் கொடுத்த ஒரே சொத்து அவனுடைய முதுகு. பின்னாலிருந்து பார்த்தால், அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த எங்கள் ஹீரோவேதான். அதே தோள், அதே நடை, கழுத்தில் அதே சாய்வு. முன்னாலிருந்து பார்த்தால் சப்பை மூக்கும் தூக்கலான ஒரு பல்லுமாக மளிகை மண்டிக் கணக்குப்பிள்ளை மாதிரி இருப்பான். அதனால் அவன் ஹீரோவுக்கு டூப். மாடியிலிருந்து குதிப்பது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருவது, எரியும் வைக்கோலுக்குள் ஓடுவது எல்லாம் அவன். எழுந்து நின்று முடியைச் சிலுப்புவது மட்டும் ஹீரோ.

"ஊரே பாத்த முதுகு, ஒருத்தனும் பாக்காத மூஞ்சி" என்று அவனைக் கிண்டல் செய்வேன். "இருடா, ஒரு நாளைக்குத் திரும்பி நிப்பேன். அன்னிக்கு தியேட்டரே அலறும் பாரு" என்பான். "அலறும் மச்சான், பயத்துல" என்பேன். முதுகில் ஒரு அறை விழும். அது மட்டும் நிஜ அடி.

சண்டை என்று படத்தில் பார்ப்பவர்களுக்குக் கோபமும் வேகமும்தான் தெரியும். எங்களுக்கு அது பரதநாட்டியம் மாதிரி, ஒரு அடி மாறினாலும் குற்றம். குத்து தாடைக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகும். வாங்குகிறவன் சரியான கணத்தில் தலையைத் திருப்பவில்லை என்றால் அது குத்தே இல்லை. உயரத்திலிருந்து விழ வேண்டுமென்றால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போடுவார்கள். சோப்பு வந்த பெட்டிகள். இன்றைக்கும் ஏதாவது கடையில் அந்த வாசனை அடித்தால் என் கண் தானாக மேலே போய் உயரத்தை அளக்கும். எங்கள் ஸ்டன்ட் மாஸ்டர் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். "ஒத்திகையில இன்னா செஞ்சியோ அத்த மட்டும் செய்யி. மூளைய வூட்ல வெச்சிட்டு வா. ஃபைட்டுல நீ யோசிச்சா இன்னொருத்தன் சாவான்." கோபத்தில் சொன்னதல்ல அது. எதிரில் இருப்பவன் என்ன செய்வான் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் உடம்பைக் காற்றில் வீசினோம். அந்த நம்பிக்கையை உடைத்தவனை எவனும் பக்கத்தில் சேர்க்க மாட்டான்.

அந்தப் படத்தின் துரத்தல் காட்சியை முதலில் சென்னையில் மார்க்கெட் செட் போட்டு எடுப்பதாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால், அப்படியே எடுத்துத் தொலைத்திருக்கலாம். டைரக்டர் ஏதோ கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணிக்கு வந்திருக்கிறார். காலை வெயிலில் தெருவெல்லாம் பாவு நீட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். வெளிச்சம் பட்ட இழைகளைப் பார்த்ததும் மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஹீரோ இந்தத் தெருவில் ஓடி வந்து பாவைத் தாண்டுகிறான், துரத்துகிறவர்கள் தாண்டத் தெரியாமல் விழுந்து அதில் சிக்கிக்கொள்கிறார்கள், சிவப்பு இழைகள் அறுந்து பறக்கின்றன என்று கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே மாஸ்டரிடம் சொன்னாராம். தெருக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். அறுப்பதற்குப் பட்டு தரமாட்டோம், சாயம் போட்ட பருத்தி நூலில் ஒரு பாவு செய்து தருகிறோம், மற்றப் பாவுகளில் உங்கள் ஆட்களின் மூச்சுகூடப் படக்கூடாது. அதுவும் நியாயம்தான். ஆக, அறுபடுவதற்கென்று ஒரே ஒரு பாவு. ஒரே ஒரு டேக்.

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் மாமியார் வீடு இருந்த தெருவிலேயே படப்பிடிப்பு. போதாததற்கு மாஸ்டர், "இந்தத் தாவல் மட்டும் நல்லா வரட்டும், அடுத்த படத்துல ஒன்ன மூஞ்சி தெரியிற மாதிரி நிக்க வெக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு திடலில் ஒத்திகை. இடுப்புயரத்துக்கு நான்கு கழி நட்டு மேலே சாக்கு விரித்து, அதுதான் பாவு என்று வைத்துக்கொண்டோம். அவன் அதைத் தாண்டிய அழகை இன்றைக்கும் சொல்ல முடியும். ஓடி வந்து ஒரு காலை ஊன்றி, உடம்பைப் படுக்கவைத்து, சாக்கின் மேல் நிழல் மட்டும் விழும்படி போவான். அவன் எழும்பும் கணத்தில் பின்னால் வரும் நான் அவன் காலைப் பிடிக்கப் பாய்ந்து, பிடி தவறி, பாவின் மேல் விழ வேண்டும். இழைகள் அறுந்து, அடியில் மண் தூவி மறைத்த மெத்தையில் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் வந்தது.

நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்று இருந்தது. நெசவுத் தெருவில் பிறந்தவர்கள் யாரும் பாவைத் தாண்ட மாட்டார்கள். தாண்டக்கூடாது. சோற்றைத் தாண்டுவது மாதிரி அது. எதிர்வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் குனிந்து அடியில் புகுந்துதான் போவார்கள். நடை பழகிய குழந்தை முதற்கொண்டு, தலையில் குடம் வைத்த பெண் வரைக்கும் அப்படித்தான். "இங்க ராஜாவே வந்தாலும் குனிஞ்சிதான் போவணும்" என்று மச்சானின் மாமியார் யூனிட் ஆட்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்தோம். மச்சானும் சிரித்தான்.

காலை வெயில் தெருவில் இறங்கியதும் ஏற்பாடு ஆயிற்று. மாடிகளிலெல்லாம் பெண்கள். ஹீரோ ஒரு குடையின் கீழ் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்த அதே நீலச் சட்டை மச்சான் மேலும் இருந்தது. விக்கை அழுத்திவிட்டுக்கொண்டே அவன் என்னிடம், "பருத்திதான்டா, வெறும் நூலு" என்றான். நான் கேட்காமலேயே ஏன் அதைச் சொன்னான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மாஸ்டர் கைக்குட்டையை இறக்கினார். அவன் ஓடினான். கைக்கு எட்டுகிற தூரத்தில் நான். எனக்குப் பின்னால் மற்றவர்கள். எதிரே அந்த அரக்குச் சிவப்பு. இதோ எழும்பப் போகிறான் என்று நான் காற்றில் பாய்ந்துவிட்டேன். அவன் எழும்பவில்லை. குனிந்தான்.

காற்றில் இருக்கும்போது உடம்பைத் திருப்ப ஒரு நொடிகூட இருக்காது. ஆனாலும் பாவுக்கு அடியில் அவன் பிடரி தெரிந்தது. நான் விழ வேண்டிய இடத்தில் அவன் இருக்கிறான், இந்தக் கனத்தோடு விழுந்தால் கழுத்து முறிந்துவிடும் என்று என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தேன். இழைகள் படபடவென்று அறுந்தன. மெத்தை அந்தப் பக்கம் இல்லை. சாக்கடை ஓரத்துக் கருங்கல்தான் இருந்தது. முழங்கால் அதில் மோதிய சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. படம் வெளியான பிறகு பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது: நான் முறுக்கிய அந்த நேரத்துக்குள் அவன் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தான்.

டைரக்டர் கத்திய கத்தலில் மாடியில் இருந்த பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். பாவு கிழிந்து நூலாகிக் கிடந்தது, இன்னொரு டேக் எடுக்க வழியில்லை. மச்சான் என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "தாண்டணும்னுதான்டா வந்தேன். சத்தியமா தாண்டணும்னுதான் வந்தேன். ஒடம்பு குனிஞ்சிடிச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மாஸ்டர் வந்து என் காலைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "ஒரு நூலுக்குக் குனிஞ்ச. ஒருத்தன் காலு போச்சு" என்றார். சாதாரணக் குரலில்தான் சொன்னார். கெட்ட வார்த்தையில் நான்கு திட்டு திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

வேலூரில் என் காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தபோது அவன் ஒரு நாள் வார்டு வாசல் வரைக்கும் வந்தான். நான் பார்த்தேன். காலில் தொங்கிய எடைக்கல்லைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். கையை ஆட்டிக் கூப்பிட்டேன். அவன் கையிலிருந்த பையை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பை நிறைய சாத்துக்குடி. அதற்கப்புறம் அவன் சென்னைக்கும் போகவில்லை. ஆரணியில் மாமனார் வீட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், எடுத்த காட்சியைப் போட்டுப் பார்த்த அன்றைக்கு டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினாராம். தாண்டுகிற ஹீரோவை எல்லாப் படத்திலும் பார்த்திருக்கிறோம், இந்த மாதிரி ஒரு குனியலை எவன் எடுத்தான் என்று கூத்தாடினாராம். மச்சான் சறுக்கி மறுபக்கம் எழும்போது முகம் திரும்பியது. ஒரே ஒரு கணம், அந்தச் சப்பை மூக்கும் தூக்கலான பல்லும் காமிராவுக்கு நேராக வந்தன. கத்தரி அங்கே சரியாக விழுந்தது. ஹீரோவின் முகத்தை ஸ்டுடியோவில் எடுத்து ஒட்டினார்கள். அடுத்தடுத்த படங்களில் ஹீரோ கயிற்றுக்கும் வேலிக்கும் ரயில்வே கேட்டுக்கும் அடியில் சறுக்கிக்கொண்டே இருந்தார். மாஸ்டரே வேறு டூப்புகளை வைத்து அதைச் சொல்லிக்கொடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஊருக்கு ஒரு ஆளை அனுப்பி, 'நன்றாக இருந்ததடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மடங்காத காலை வைத்துக்கொண்டு நான் சினிமாவை விட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆரணியில் ஒரு தியேட்டரில் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை கிடைத்தது. சண்டையில் அடி வாங்கினவன் இப்போது கூட்டத்தில் இடி வாங்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் படம் அங்கேயே வந்தது. வாரக்கணக்கில் ஓடியது. அதன் பிறகும் சில வருஷம் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து ஓட்டினார்கள். பாவுத் தெருக் காட்சி வரும் நேரம் எனக்கு அத்துப்படி. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் இருட்டில் சுவரில் சாய்ந்து நிற்பேன். அவன் குனிகிற இடத்தில் தியேட்டரே எழுந்து நிற்கும். விசில் காதைப் பிளக்கும். நான் விழுந்து உருண்டு மற்றவர்கள் நூலில் சிக்கி முடிக்கிற வரைக்கும்கூடச் சில நாள் அது ஓயாது. என் மச்சானுக்கு அடித்த விசில் அது. அவன் முதுகுக்கு, அவன் குனிந்த குனியலுக்கு. கேட்கிறபோதெல்லாம் என் கண் நிறைந்துவிடும். என் காலைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லாமல் போனது அந்த இருட்டில்தான். இந்த விசிலை அவன் ஒரே ஒரு தடவை தன் காதால் கேட்க வேண்டும். அதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

அதற்காக அவன் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். எனக்கு ஓய்வு காலையில் மட்டும்தான். மதியக் காட்சிக்கு மேல் தியேட்டர் விடாது. காலையிலோ அவர்கள் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். அவன் வீடு அந்தப் பக்கம். எல்லோரும் குனிந்து போகிற இடத்தில் என்னால் குனிந்து போக முடியாது, முழங்கால் ஒத்துழைக்காது. தெருவின் கடைசிவரை விந்தி விந்திப் போய், பாவைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கமாக அதே தூரம் திரும்பி வர வேண்டும். நான் பாவைச் சுற்றி வருவதற்குள் அவன் ஆரணியையே சுற்றி வந்துவிடுவான். போய்ச் சேரும்போது பின்வாசல் கதவு ஆடிக்கொண்டிருக்கும். அவன் உட்கார்ந்து நெய்யும் தறிக்குழியில் அப்போதுதான் எழுந்துபோன சூடு இருக்கும். "இப்பத்தாங்கண்ணா வெளிய போனாரு. ஒக்காருங்க, ஜல்தியா வந்துடுவாரு" என்று அவன் மனைவி, என் தங்கச்சி, என் முகத்தைப் பார்க்காமல் காபி கொண்டுவரும். அமாவாசைக்குத் தறி நிறுத்துவார்கள், தெருவில் பாவு இருக்காது என்று ஒரு அமாவாசையில் போனேன். தெருமுனை டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்கள், அவன் விடியற்காலை பஸ்ஸில் தேவிகாபுரம் கோயிலுக்குப் போய்விட்டானென்று. எந்தக் கோயில் வாசலிலும் செருப்பைக் கழற்றாதவன் அவன்.

"ஒரு தடவ படத்துக்கு வந்து பாக்கச் சொல்லு தங்கச்சி. அது போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவேன். விசிலைப் பற்றி நான் சொல்லவில்லை. அவனே வந்து, இருட்டில் நின்று, தெரியாத்தனமாகக் கேட்டு, திகைத்துப்போக வேண்டும் என்று எனக்கு ஒரு கற்பனை. சினிமாவில் இருந்தவன் புத்தி வேறு எப்படி இருக்கும்?

ஒரே ஒரு முறை நேருக்கு நேர் மாட்டினான். மழைக்காலத்தில் கிடைத்த வெயிலை விடக்கூடாதென்று அன்றைக்குத் தெரு முழுக்க அவசரம். அவன் பாவுக்கு அந்தப் பக்கம் நின்று கஞ்சி போட்ட இழைகளைக் கையால் நீவிக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம். ஓட முடியாது, ஈரப் பாவை விட்டுவிட்டு எந்த நெசவாளியும் ஓட மாட்டான். முடியில் நரை விழ ஆரம்பித்திருந்தது. முதுகு மட்டும் அப்படியே.

"இன்னா மச்சான்" என்றேன்.

அவன் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மழ வந்தா வலிக்குதாடா?"

"மழ வந்தா தவளையே கத்துது, கால் கத்தாதா? அத வுடு. நீ ஒரு வாட்டி படத்துக்கு வாயேன். வந்து பாரு."

அவன் கை நின்றது. ஏதோ சொல்லப்போகிறவன் மாதிரி நிமிர்ந்தான். பிறகு சட்டென்று குனிந்தான். பாவுக்கு அடியில் புகுந்து என் பக்கம் வரத்தான் போகிறான் என்று நினைத்து நான் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவன் வரவில்லை. அறுந்த இழையைத் தேடுகிறவன் மாதிரி அடியிலேயே உட்கார்ந்துவிட்டான். சிவப்பு இழைகளின் வழியாக அவன் பிடரி தெரிந்தது. அதே பிடரி. நான் குனிந்து அவன் முகத்தைப் பார்க்க முடியாது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தியேட்டருக்கு நேரமாகிவிட்டதென்று நான் திரும்பும்வரை அவன் எழவில்லை. கோபம் வந்தது எனக்கு. ஒடிந்தது என் கால், முறுக்கிக்கொள்வது இவனா என்று தியேட்டர் வாசல் வரை புலம்பிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் போவது குறைந்தது. படம் ஆரணிக்குத் திரும்ப வருவதும் நின்றது. எனக்கும் பிள்ளைகள், அவர்கள் கல்யாணம், மூத்தவனுக்குச் செய்யாறு கம்பெனியில் வேலை என்று வாழ்க்கை தன் வழியில் இழுத்துக்கொண்டு போனது. வருஷத்தில் ஒரு தடவை, இரண்டு தடவை அந்தத் தெருமுனை வரை போய், பாவைப் பார்த்துவிட்டு, சுற்றிப்போகச் சோம்பல்பட்டுத் திரும்பியிருக்கிறேன். சோம்பல் என்று சொல்கிறேன். ஆடும் பின்வாசல் கதவை இன்னொரு தடவை பார்க்கப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

போன மழைக்காலத்தில் தங்கச்சியின் மகன் போன் செய்தான். "மாமா, அப்பா போய்ட்டாரு" என்றான். முதல் பேருந்தைப் பிடித்தேன். ஆரணியில் இறங்கி, அந்தத் தெருவுக்குள் நுழைந்து, வழக்கமான அவசரத்தோடு விந்தி விந்திப் போனேன். கடைசி வீட்டைத் தாண்டித் திரும்பி, மறுபக்கமாக வந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாங்க, அங்க பந்தல் தெரியல? சாவு வுழுந்த தெருவுல யாரு பாவு போடுவா? நேரா வர்றதுதானே, எதுக்கு இவ்ளோ தூரம் சுத்திகினு வர்றீங்க?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். தெரு வெறுமையாகக் கிடந்தது. பாவைத் தாங்கும் மூங்கில் கவைகளைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு இழை இல்லை. இல்லாத பாவைச் சுற்றிக்கொண்டு முழுத் தெருவும் நடந்து வந்திருக்கிறேன். பாவு இல்லை என்று கண் பார்த்திருக்கும். உடம்பு கேட்கவில்லை. 'தாண்டணும்னுதான்டா வந்தேன்' என்று என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் சொன்னதை அந்த இடத்தில் நின்றபடி முதல்முறையாக முழுசாகப் புரிந்துகொண்டேன். நான் அவனை ஒருபோதும் குற்றம் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு அவன் சொன்னதை நம்பியதும் இல்லை. பயந்துவிட்டான், மறைக்கிறான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

போய்ச் சேர்ந்தேன். இந்த முறை அவன் பின்வாசல் வழியாகப் போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மல்லாந்து, முகம் மேலே தெரியப் படுத்திருந்தான். எல்லோரும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கச்சி என்னைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டது. "வந்தீங்களாண்ணா... இனிமே எங்க ஓடுவாருண்ணா இவுரு" என்று அழுதது. அழுகைக்கு நடுவில்தான் அதைச் சொன்னது. படம் வந்த புதிதில் அவன் தியேட்டருக்கு வந்திருக்கிறான். உள்ளே இல்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், மதில் சுவரை ஒட்டி நின்று கேட்டிருக்கிறான். "பாவு அறுவுற சத்தமும் விசிலும் ஒண்ணாக் கேட்டுச்சாம்ணா. 'அவன் காலு ஒடையறத்துக்கு ஜனங்க விசில் அடிச்சி சிரிக்குதுடி'ன்னு வந்து சோறு துன்னாம படுத்துட்டாரு. நீங்க வேற வந்து வந்து 'படத்தப் பாக்க வா, படத்தப் பாக்க வா'ன்னு கூப்புடுவீங்களா... 'நான் பண்ணதக் காட்டறதுக்குக் கூப்புடறான்டி, என்னால முடியாது'ம்பாரு. தெருவுல யாராவது அந்தப் படத்தப் பத்தி நல்லதாச் சொன்னாக்கூடக் கேலி பண்றாங்கன்னு எழுந்து போய்டுவாரு. அப்பறம் யாரும் அவுராண்ட அந்தப் பேச்சே எடுக்கல."

மதிலுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். அந்தப் பக்கம் அவன் இருந்திருக்கிறான். ஒரே விசிலை இருவரும் கேட்டிருக்கிறோம். 'வந்து பார்' என்று நான் சொன்ன வார்த்தை அவனுக்கு இத்தனை வருஷமாகச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஈரப் பாவுக்கு எதிரே நின்றபோது, 'அது உனக்கு அடிக்கிற விசில்டா' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். காதோரம் சொல்லலாமென்று பெட்டியருகே போனேன். குனிய முடியவில்லை. நின்றபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். தங்கச்சி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் பேருந்தில் பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ஆரணி வந்தது. என் காலை இறக்கிவைக்க நடத்துநரே கை கொடுத்தார். பேருந்து நிலையத்து இரைச்சலில் ஒரு கடையோரம் ஒதுங்கி, "அந்த வீடியோவ இன்னொரு தரம் போடும்மா. சத்தம் வெச்சி" என்றேன். யாரோ ஒரு பையன் தியேட்டருக்குள்ளிருந்து எடுத்தது போலிருக்கிறது, கூட்டத்தின் சத்தமும் சேர்ந்து பதிவாகியிருந்தது. கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மதிலுக்கு வெளியே நிற்பவன் மாதிரி கேட்டேன். நானே தடுமாறினேன். எந்த விசில் எதற்கு என்று பிரிக்கவே முடியவில்லை.

"கண்ணத் தொறந்து பாரு தாத்தா" என்றாள் பேத்தி.

பார்த்தேன். அவன் தலை கவிழ்கிறது. அங்கே கிளம்புகிறது விசில். அவன் பாவுக்கு அந்தப் பக்கம் போய் மறைகிறவரை அடிக்கிறார்கள். அப்புறம் நான் விழுகிறேன். நான் விழுவதை ஒருவரும் கவனிக்கவேயில்லை.